ராத்திரியானால் 2,769 வாட்: மெயின் சுவிட்சை அடைத்தும் ஏறுகிற கணக்கு

பால்மர நிழல் | ஞாயிறு, இரவு 9.40

மின்சார வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எங்கள் தாமான் (குடியிருப்பு) சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகிற பாதையில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்த இடத்தில் இருக்கிறது. மின்சார மீட்டர் வெளிகேட் தூணில். அதன் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 1000 தடவை சிமிட்டும், மீட்டர் முகப்பிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. அந்த விளக்கின் மேல் ஓர் ஒளி உணரியை ஒட்டி, 14 மீட்டர் வயர் இழுத்து, வீட்டுக்குள் இஎஸ்பி32 என்கிற ஒரு சின்னக் கணினிப் பலகையில் சொருகியிருக்கிறேன். மீட்டரைத் திறக்கவில்லை, சீலைத் தொடவில்லை. சிமிட்டலை எண்ணுவது மட்டும்தான் வேலை.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாளைக்கு 9 யூனிட், பில்லோடு ஒத்துப்போனது. போன வியாழக்கிழமையிலிருந்து இரவு 7 மணி ஆனதும் வரைபடம் சுவர் மாதிரி எழும்புகிறது. 2.7 கிலோவாட்டுக்கு மேல். காலை 7 மணிக்குத் தானாக இறங்கிவிடுகிறது. ஓர் இரவுக்கு 33 யூனிட்!

குளியலறையில் தொட்டி வைத்த பழைய வாட்டர் ஹீட்டர் ஒன்று உண்டு, 2,500 வாட். அம்மா அதை அணைக்க மறந்துவிட்டார் என்று இரண்டு நாள் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று முன்தினம் பொறுமை போய் மெயின் சுவிட்சையே அடைத்துவிட்டு, பலகையை மட்டும் பவர் பேங்கில் ஓட விட்டேன். வீடே இருட்டு. கைப்பேசியில் 2,769 வாட். ஐந்து நிமிடம் பார்த்தேன், இரண்டு மூன்று வாட்டுக்கு மேல் அசையவில்லை.

இன்னொரு விஷயம், நேற்று சாயங்காலம் அடைமழை. நேற்றிரவு மட்டும் ஒன்றும் வரவில்லை.

*

பில்லைப் பார்த்தால் மயக்கம் | ஞாயிறு, இரவு 10.05

நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். மீட்டரே ஓடுகிறது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் மீட்டர்களைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது மீட்டரில் ஐந்து, உண்மையைவிட அதிகம் காட்டின. உச்சபட்சம் 582 சதவீதம். டிம்மர் போட்ட எல்இடி விளக்கும் மின்சிக்கன விளக்கும்தான் குழப்பின. உடனே மனு எழுதுங்கள். பழைய கட்டண முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென்னும், 300-ஐத் தாண்டினால் 51.6 சென்னும் வாங்கினார்கள். மாதத்துக்கு ஆயிரம் யூனிட் கூடுதலாக ஓடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

*

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஞாயிறு, இரவு 10.30

மயக்கம் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சோதனையில் சுமையை வேண்டுமென்றே மோசமாக அமைத்தார்கள். கூடுதலாகக் காட்டிய மீட்டர்களில் மின்னோட்டத்தை அளந்தது ரோகோவ்ஸ்கி சுருள் என்கிற ஒரு வகைக் கம்பிச்சுருள் உணரி. மெயினையே அடைத்த வீட்டில் குழப்புவதற்கு எந்த விளக்கு எரிகிறது?

நிழல், முதலில் கேட்டுக்குப் போய் மீட்டர் விளக்கைக் கண்ணால் பாருங்கள். 2,769 வாட் உண்மை என்றால் நொடிக்கு ஒரு தடவை கூடச் சிமிட்டாது, ஆனால் கிட்டத்தட்ட அந்த வேகம் இருக்கும். சிமிட்டவில்லை என்றால் மீட்டர் மேல் குற்றமில்லை.

அடுத்து, உணரிக்குள் வேறு வெளிச்சம் புகுகிறதா? பக்கத்து வீட்டில் பழைய குழல் விளக்கு இருந்தால் அது நொடிக்கு 100 தடவை மினுக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. உணரியைக் கறுப்பு டேப் போட்டு முழுக்க மூடிப் பாருங்கள். பலகையில் ஓடுகிற புரோகிராம் கோடில் ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்? 100 மில்லிவிநாடிக்கு உயர்த்துங்கள்.

*

பால்மர நிழல் | திங்கள், இரவு 8.15

எல்லாம் செய்தாயிற்று.

மெயினை அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கேட்டில் நின்றேன். மீட்டர் விளக்கு சிமிட்டவே இல்லை. கையிலிருக்கும் கைப்பேசியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. உணரியைக் கழற்றிக் கறுப்பு டேப்பில் மூன்று சுற்று சுற்றினேன். அப்போதும் ஏறியது. இடைவெளி 20 மில்லிவிநாடி இருந்தது, 100 ஆக்கினேன். ஒரு வாட் கூடக் குறையவில்லை.

கடைசியில் பலகையிலிருந்து வயரைப் பிடுங்கினேன். சட்டென்று பூஜ்யம். திரும்பச் சொருகினால் 2,769.

ஆக மீட்டரும் இல்லை, வெளிச்சமும் இல்லை, அந்த வயர்தான். ஆனால் இரவில் மட்டும் ஏன்?

*

கேரித்தீவுக் காற்று | திங்கள், இரவு 9.02

இழைக்கு நடுவே புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒரு பேய் உண்டு. ஏர்கோன் வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கிற சிடி கிளாம்ப் போட்டிருக்கிறேன். ஏர்கோனை ரிமோட்டில் அணைத்த பிறகும் 50 வாட் காட்டுகிறது. இன்வெர்ட்டர் வகை. இதுவும் இரைச்சல்தானா?

*

பழைய சார்ஜ்மேன் | செவ்வாய், காலை 6.20

தங்கச்சி, அந்த 2,769-ஐ வாட்டாகவே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பிடிபடவில்லை. உன் பலகைக்கு வாட் தெரியாது. இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரு சிமிட்டல் ஒரு வாட்மணி. 3,600-ஐ இடைவெளியால் வகுத்து வாட் ஆக்குகிறது. நீ திருப்பி வகுத்துப் பார். 3,600-ஐ 2,769-ஆல் வகுத்தால் 1.3.

1.3 விநாடிக்கு ஒரு தடவை எதுவோ உன் வயரைத் தட்டுகிறது. மெயினை அடைத்தும் அது நிற்கவில்லை, ஆகவே உன் வீட்டுச் சாமான் இல்லை. வீட்டுச் சுமை என்றால் இவ்வளவு சீராக இருக்கவும் இருக்காது. ஃபிரிட்ஜ் ஏறும், இறங்கும். பன்னிரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஒரே தாளத்தில் அடிப்பது கடிகாரம் மாதிரி ஏதோ ஒன்று. அது என்னவென்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் நீ அதையே தேடுவாய். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கிறதா? மீடியம் வேவில், நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் முள்ளை வைத்து, இரவு 7 மணிக்கு மேல் வயர் போகிற வழியெல்லாம் எடுத்துக்கொண்டு நட. காது கொடுத்துக் கேள்.

கேரித்தீவுத் தம்பிக்கு: அது இரைச்சல் இல்லை. இன்வெர்ட்டர் ஏர்கோனின் உள்ளே, இரைச்சல் வெளியே போகாமல் தடுக்கக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ரிமோட்டில் அணைத்தாலும் அது மின்கம்பியோடு சேர்ந்தே நிற்கும். 3 மைக்ரோஃபாரட் இருந்தாலே 230 வோல்ட்டில் 0.2 ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். உன் கிளாம்ப் ஆம்பியரை மட்டும் பார்த்து வோல்ட்டால் பெருக்கி 50 என்கிறது. அந்த மின்னோட்டம் போய்த் திரும்பி வருகிறதே தவிர, வேலை எதுவும் செய்வதில்லை. உன் பில்லில் அது கிட்டத்தட்ட ஏறாது. உண்மை வாட் வேண்டுமானால் வோல்ட் அலையையும் சேர்த்து அளக்கிற கருவி வேண்டும். அப்புறம், கருவியில் 240 என்று நிலையாகப் போட்டிருந்தால் அதையும் மாற்று. நம் நாட்டில் 2008-இலிருந்து பெயரளவு 230 வோல்ட், மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் வரை போகலாம். 216-க்கும் 253-க்கும் நடுவே எங்கேயும் இருக்கும்.

*

பால்மர நிழல் | செவ்வாய், இரவு 10.50

ஐயா, ரேடியோ கிடைத்தது. அப்பா பால்மரம் வெட்டப் போகும்போது பிரட்டுக்களத்துக்குக் கொண்டுபோன ரேடியோ. பேட்டரி மூடி இல்லை, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன்.

வீட்டுக்குள் வெறும் இரைச்சல்தான். ஏழு மணிக்குக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தேன். டிக். டிக். டிக். அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால், நான் ரேடியோவோடு பின்னால். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் பேய் பிடிக்கிறோம் என்று வேலியில் ஏறி நின்று பார்த்தார்கள். கேட்டுப் பக்கம் சத்தம் குறைவு. பக்கவாட்டில் இரும்புவலை வேலி இருக்கிறது. அதை ஒட்டிப் போகப் போக டிக் டிக் சத்தம் ரேடியோவைப் பிளக்கிற மாதிரி ஆகிவிட்டது.

அந்த இரும்புவலையில்தான் என் வயரைக் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன், நீளம் முழுக்க. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) டுரியான் தோட்டம். டார்ச் அடித்துப் பார்த்தால், எங்கள் வலையிலிருந்து ஓர் அடி தள்ளி, மஞ்சள் பிளாஸ்டிக் கொக்கிகளில் புதுக் கம்பி இரண்டு வரிசை. மூலையில் கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு, டிக் சத்தத்தோடு சேர்ந்து மின்னுகிறது. பழம் விழுகிற பருவம் வந்துவிட்டது, காட்டுப்பன்றி உள்ளே வராமலிருக்கப் போன வாரம்தான் கட்டியிருக்கிறார்.

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இப்ப தெரியுதா?"

*

பில்லைப் பார்த்தால் மயக்கம் | செவ்வாய், இரவு 11.10

சரி, மீட்டர் மேல் சொன்னதை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

*

பழைய சார்ஜ்மேன் | புதன், காலை 6.05

அதேதான் என் ஊகமும். லாசா பக்கம் யானையே வருகிற இடம். நம் நாட்டில் யானைக்கென்று வனவிலங்குத் துறையே மின்வேலி போடுகிறது. பன்றிக்குப் போடுவது அதன் சின்னத் தம்பி.

அந்த வெள்ளைப் பெட்டி கம்பியில் எப்போதும் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்காது. உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்து, ஒரே தட்டாகத் தட்டும். பல ஆயிரம் வோல்ட், ஆனால் ஒரு மில்லிவிநாடி கூட நீடிக்காது. பட்டவன் கையை எடுத்துக்கொள்ள நேரம் வேண்டும், அதனால் இரண்டு தட்டுக்கு நடுவே குறைந்தது ஒரு விநாடி விட வேண்டும் என்பது அனைத்துலகத் தர விதி. இவருடைய பெட்டி 1.3 விநாடி விடுகிறது, உன் வாட் கணக்கு அதைத்தான் படித்தது. பதினான்கு மீட்டர் வயர் அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே கூடப் போனால், தொடாமலே அதில் கொஞ்சம் ஏறும். பலகையின் உள்ளீடு சில வோல்ட்டுக்கே தலையாட்டுகிற சாது. தட்டு வந்தால் சிமிட்டல் என்று நினைத்துக்கொள்கிறது.

மழை நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டாயே. ஈரப்புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அங்கங்கே மண்ணுக்குள் கசியும், வேலியின் வோல்ட் விழுந்துவிடும். உன் வயரைத் தட்டுவதற்குத் தெம்பு இருக்காது. அன்றிரவு பன்றி வந்திருந்தால் தவுக்கேக்கு அது நஷ்டம்.

எங்கள் செம்பனை மில்லில் நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியில் டர்பைன் ஓட்டி நாங்களே மின்சாரம் எடுத்தோம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. சரி, அதை விடு.

முக்கியமானது ஒன்று. அந்தப் பெட்டிக்கு ஓர் எர்த் கம்பி மண்ணில் அடித்திருப்பார்கள். வீட்டு எர்த்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்கே அடித்திருக்கிறார் என்று பார். நீ தொடாதே, தவுக்கேயிடம் சொல்.

*

ஈப்போ வெள்ளைக்காப்பி | புதன், மதியம் 1.15

ஐயா சொன்ன பிறகுதான் என் யோசனை ஏன் பலிக்கவில்லை என்று புரிந்தது. இடைவெளியை வைத்து இதை வடிகட்டவே முடியாது. 60 ஆம்பியர் இணைப்பில் முழுச் சுமை 13.8 கிலோவாட். அப்போது உண்மைச் சிமிட்டலே 0.26 விநாடிக்கு ஒன்று வரும். அதைவிடக் குறைவான இடைவெளியில் வருவதைத்தான் பொய் என்று தள்ளலாம். இந்தப் பொய்யோ 1.3 விநாடிக்கு ஒன்று, மரியாதையான வேகத்தில் வருகிறது. 100 என்ன, 200 மில்லிவிநாடி போட்டாலும் கதவைத் திறந்து உள்ளே விடும்.

பார்க்க வேண்டியது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை. மீட்டர் விளக்கு எரியும் நேரம் பல மில்லிவிநாடி. வேலித் தட்டு ஒன்றுக்கும் குறைவு. சிக்னல் மாறியவுடன் எண்ணாமல், சிக்னல் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் குறித்து, 15 மில்லிவிநாடிக்குக் குறைந்ததைத் தள்ளிவிடுங்கள். முதலில் உங்கள் மீட்டர் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று அளந்துவிடுங்கள்.

பலகைக்கு உள்ளேயே, உள்ளீட்டை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்க இருக்கும் புல்-அப் மின்தடை 45 கிலோஓம் அளவுக்குப் பலவீனம். வெளியே 2.2 கிலோஓம் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கும், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 2.2 மில்லிவிநாடி நிதானம் தரும். வேலித் தட்டு அதில் கரைந்துவிடும்.

*

பால்மர நிழல் | வியாழன், இரவு 9.30

கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கிற மெதுவோட்ட முறையில் மீட்டர் விளக்கைப் படம் பிடித்தேன். ஒவ்வொரு சட்டமாகத் தள்ளி எண்ணினேன். விளக்கு பத்து சட்டம் எரிகிறது. அதாவது 40 மில்லிவிநாடிக்கு மேல். 15 என்ற எல்லை தாராளம்.

புரோகிராம் கோடை மட்டும் மாற்றினேன், வயரைத் தொடவில்லை. தள்ளுபடி ஆனவற்றைத் தனியாக எண்ணவும் ஒரு வரி சேர்த்தேன். 7 மணியிலிருந்து 8 மணி வரை ஏற்றுக்கொண்டது 410, தள்ளியது 2,768. வரைபடத்தில் ஃபிரிட்ஜும் அம்மாவின் தொலைக்காட்சித் தொடரும் மட்டும்தான். முடிந்தது!

*

பழைய சார்ஜ்மேன் | வெள்ளி, காலை 6.10

முடியவில்லை, தங்கச்சி. பொய் இன்னும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது, வாசலில் ஓர் ஆளை வைத்து எண்ணித் துரத்துகிறாய். பெரிய மின்னல் இறங்கும் ஒரு நாள் அந்த 14 மீட்டர் ஏரியல் வழியாக வருவதை எந்தக் கோடும் துரத்தாது, பலகையே கருகும். வயரை அந்த வேலியிலிருந்து எடு.

*

ஈப்போ வெள்ளைக்காப்பி | வெள்ளி, காலை 9.45

இதில் ஐயாவோடு எனக்குச் சின்ன மனத்தாங்கல். கோடில் அந்தச் சோதனை எப்படியும் இருக்கத்தான் வேண்டும். நாளைக்குப் பின்வீட்டில் வெல்டிங் அடித்தாலும் காப்பாற்றும். ஆனால் வயரை மாற்றச் சொல்வது நியாயம். இப்போது போட்டிருப்பது என்ன வயர்?

*

பால்மர நிழல் | வெள்ளி, காலை 10.20

ஸ்பீக்கர் வயர். சிவப்பும் கறுப்பும் ஒட்டினாற்போல் இருக்குமே, அது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைத்தது.

*

ஈப்போ வெள்ளைக்காப்பி | வெள்ளி, காலை 10.24

சரிதான். இணையக் கேபிள் ஒரு துண்டு வாங்குங்கள். உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள் இருக்கும். சிக்னலை ஒன்றிலும், கிரவுண்டை அதோடு முறுக்கிய ஜோடியிலும் கொடுக்க வேண்டும். வேறு ஜோடிக் கம்பியில் கொடுத்தால் முறுக்கியதற்குப் பலன் இல்லை. முறுக்கில் இரண்டு கம்பியும் மாறி மாறி வேலிக்கு அருகில் வருவதால், இரண்டிலும் ஒரே அளவு ஏறி வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

*

கேரித்தீவுக் காற்று | சனி, மாலை 5.00

வோல்ட்டையும் சேர்த்து அளக்கிற கருவி ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி, லைசன்ஸ் உள்ள வயர்மேனை வைத்து டிபி பெட்டியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) மாட்டினேன். அணைத்த ஏர்கோன் இப்போது 3 வாட். 50 என்று பார்த்துப் பார்த்து இரண்டு மாதமாக ஏர்கோனின் தனிச் சுவிட்சான ஐசோலேட்டரை அடைத்துக்கொண்டிருந்தேன், மனைவி இன்றைக்குத்தான் சிரித்தாள்.

*

பால்மர நிழல் | அதற்கடுத்த வார ஞாயிறு, காலை 8.30

எல்லோருக்கும் கடைசி நிலவரம்.

தவுக்கேயிடம் பேசினேன். அவருடைய எர்த் கம்பி எங்கள் குளியலறைச் சாக்கடை ஓரம், எங்கள் வீட்டு எர்த் கம்பியிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் அடித்திருந்தது. ஈரமண், சுலபமாக இறங்கும் என்று பெட்டி மாட்ட வந்த ஆள் அங்கே அடித்துவிட்டானாம். மறுநாளே அதைப் பிடுங்கித் தோட்டத்தின் அந்தக் கோடியில் அடிக்க வைத்தார். போகும்போது மூன்று பழம் கொடுத்தார். ஒன்று கொஞ்சம் தண்ணீர்ப் பழம், மற்ற இரண்டும் அருமை.

வயரை எதிர்ப்பக்கச் சுவர் வழியாக, பிவிசி குழாய்க்குள் இணையக் கேபிள் போட்டு இழுத்தேன். மின்தடையும் கெப்பாசிட்டரும் பற்றவைத்தேன். நேற்றிரவு தள்ளுபடி எண்ணிக்கை பூஜ்யம். கோடில் அந்த வரியை எடுக்கவில்லை, வெள்ளைக்காப்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். புதன் காலையிலிருந்து இன்று காலை வரை மீட்டரில் 37 யூனிட், மானிட்டரில் 37.2.

அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று, வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போடும்போது. பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

இன்று காலை வரைபடத்தைத் திறந்தேன். விடிகாலை 4.50-க்கு 2,500 வாட், 22 நிமிடம். அது குளியல், சரி. ஆனால் 6.40-க்கு மறுபடியும் 2,500, நாலு நிமிடம். இதோ எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தடவை. ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், டிக் சத்தம் இல்லை. குளியலறைச் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது.

அம்மா இன்னும் கோயிலிலிருந்து வரவில்லை.